பாறை மேல் கூறைப்புடவை

நான் ஹெலிகாப்டரில் பறந்திருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்றுவரை யாரும் நம்புவதில்லை. நம்பவே வேண்டாம். என் மனைவி ஒருத்தி நம்புகிறாள். நம்புவதோடு நிற்காமல், வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் சொல்லியும் காட்டுகிறாள்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஒரு மார்கழியில் மறியலுக்காகச் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் பஸ் ஓடவில்லை. கல்வராயன் மலையில் என்ன கனிமம் கிடக்கிறது என்று பார்க்க வந்த ஒரு குழு, ஊருக்கு வெளியே தரிசில் ஹெலிகாப்டரை நிறுத்தியிருந்தது. அவர்களிடம் நான் தற்காலிக எழுத்தர். எழுதியது கொஞ்சம், ஹெலிகாப்டரைத் தொட்டுப் பார்க்க வரும் கூட்டத்தை விரட்டியதுதான் அதிகம்.

என் மனைவி தலைப்பிரசவத்துக்கு மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் தாய்வீட்டில் இருந்தாள். அவள் அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. நாள் நெருங்கிவிட்டது, சேதி ஒன்றும் இல்லை. ஒரு நாள் மதியம் அவள் தம்பி மலையிறங்கி, நடந்தே வந்து நின்றான். கால் முழுக்கப் புழுதி.

"இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குதுங்க மாமா. அக்கா உங்களையே கேட்டுக்கினு இருக்குது. என்கூடவே நடந்து வந்துடுங்க."

போயிருக்க வேண்டும். ஆனால் அன்று காலையில்தான் விமானி எங்களிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வேலை முடிந்துவிட்டது, கிளம்புவதற்கு முன் கூட வேலை செய்தவர்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருக்கும் மேகம் அருவிமேல் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவேன், பனி விலகட்டும் என்று. முதல் சுற்றில் என் பெயர் இருந்தது. அதை மைத்துனனிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், வேலையின் மேல் பழியைப் போட்டேன்.

"வேலைய வுட்டுட்டு எப்பிடிடா வர்றது? நாளைக்கு இந்த ஹெலிகாப்டர்ல அந்தப் பக்கம்தான் வர்றேன். குழந்த பொறந்து ரெண்டு பேரும் நல்லா இருந்தா, வூட்டுக்குப் பின்னால பாறை மேல உங்க அக்காவோட கூறைப்புடவைய விரிச்சுப் போடு. அரக்குச் சிவப்பு. மேலேருந்து பளிச்சுனு தெரியும்."

"இன்னா மாமா, பொடவையா?" என்றான். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, வாங்கிவைத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மறுநாள் பனி விலகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் காலையில்தான் மலை கண்ணுக்குத் தெரிந்தது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஏறினோம்.

தரை எங்களை விட்டு மெல்லக் கழன்றது. சாலையில் வெட்டுண்டு கிடந்த மரங்கள் சிந்திய தீக்குச்சிகளாகத் தெரிந்தன. பஸ் வராத தார்ச்சாலையில் யாரோ கேழ்வரகு காயவைத்திருந்தார்கள். ஊரையே அடைத்துப்போட்ட சங்கதி அவ்வளவுதானா என்று தோன்றியது. கோமுகி அணை ஒரு தட்டு நீராக வந்து, வெயிலைக் காட்டிவிட்டுப் பின்னால் போனது.

மலைக்குமேல் வந்ததும் பனி கீழே பரந்து கிடந்தது. அதிலிருந்து முகடுகள் மட்டும் தலைநீட்டின. எங்கள் நிழல் பனியின்மேல் சின்னதாகக் கூடவே வந்தது. ஓரிடத்தில் பனி கிழிந்து அருவி தெரிந்தது. விசிறியின் இரைச்சலில் அருவியின் ஓசை கேட்கவில்லை. அத்தனை தண்ணீரும் சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல், விழுந்துகொண்டே இருந்தது. அப்படியே கனவுதான். விமானி இரண்டு முறை சுற்றினார். அந்த நேரம் எனக்கு மனைவி நினைவே இல்லை. இதை இப்போதுதான் எழுதுகிறேன், அவளிடம் சொன்னதில்லை.

பனி விலகி வெள்ளிமலை தெரிந்தபோது திடுக்கிட்டு எட்டிப்பார்த்தேன். பாறையெல்லாம் புடவை. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால், சரிவில், ஓடைக்கரையில் என்று பார்த்த இடமெல்லாம் புடவை விரித்திருந்தது. அதில் பாதி சிவப்பு. சாமை அறுவடைக் காலம். பழைய புடவையைப் பாறையில் விரித்துத்தான் மலைக்காரர்கள் தானியம் காயவைப்பார்கள். நெல் விளையும் வடக்கனந்தலில் பிறந்த எனக்குக் களமும் தார்ச்சாலையும்தான் தெரியும். மாமனார் வீட்டு ஓடு எது, பாறை எது என்றே அடையாளம் தெரியவில்லை. ஊருக்கு மேலேயும் இரண்டு முறை சுற்றிவிட்டு ஹெலிகாப்டர் திரும்பியது. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அவள் செத்துப்போயிருந்தால் என்ற நினைப்பு வந்துவிட்டது.

இறங்கியதும் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன். மேலிருந்து பார்த்த தீக்குச்சிகள் ஒவ்வொன்றும் இடுப்பளவு இருந்தன. காவலுக்கு நின்ற இளவட்டங்கள், "புள்ளத்தாச்சிப் பொண்டாட்டிய பாக்கப் போறாராம், தூக்கி வுடுடா" என்று சைக்கிளை மரத்துக்கு மரம் கைமாற்றி அனுப்பினார்கள். அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

முதலில் பின்பக்கம்தான் ஓடினேன். பாறை வெறுமையாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே குழந்தை அழுதது.

உத்தரத்திலிருந்து தூளி தொங்கியது. அரக்குச் சிவப்பு. பக்கத்தில் பாயில் அவள் படுத்திருந்தாள், வெளுத்துப்போய், கண் திறந்து.

"ஹெலிகாப்டர் வருதுன்னு எல்லாரும் வெளிய ஓடுனாங்க" என்றாள். "நான் படுத்துக்கினே கேட்டேன். ரெண்டு சுத்து. இவ பொறந்து ரெண்டு நாளாச்சு."

"பாறையில புடவையக் காணோமேன்னு…"

"தம்பி சொன்னான். மொதப் புள்ளைய அம்மாவோட கூறைப்பொடவையிலதான போடுவாங்க. அத இன்னா, கல்லு மேல போட்டு ஹெலிகாப்டருக்குக் காட்டச் சொல்றீங்களா?"

நான் தூளியை விலக்கிப் பார்த்தேன். மகள் அழுகையை நிறுத்திவிட்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"அவன் கூப்ட அன்னிக்கே நடந்து வந்திருந்தீங்கன்னா," என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், "தூளி கட்டும்போது ஒரு முனைய நீங்க புடிச்சிருப்பீங்க. அதையும் தம்பிதான் புடிச்சான்."