பாறைக் குழிக்குள் போன தாயத்து

தன்ஷிகாவின் அம்மா செல்வி என் இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தபோது கையிலிருந்த களைக்கொத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களையெடுத்தவள் நேரே வந்திருந்தாள்.

“டீச்சர், எம்பொண்ணு அர்ணாக்கவுத்துல இருந்த தாயத்து எங்க?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“‘டீச்சர் சொன்னாங்க, பாறையில வச்சிட்டேன்’னு சொல்லுதே!”

பாறை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

முந்தின நாள் வடிவங்கள் பாடம். பலகையில் முக்கோணம் போட்டால் “சமோசா!” என்று கத்துகிற பிள்ளைகள். அதனால் ஹவாய் தீவில் அந்தக் காலத்து மக்கள் எரிமலைப் பாறையில் செதுக்கிய படங்களைப் போனில் காட்டினேன். முக்கோண உடம்பில் மனிதர்கள், வட்டத்துக்குள் புள்ளி. எங்கள் செஞ்சியில் பாறைக்கா பஞ்சம்? பள்ளிக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சாக்பீஸ் கொடுத்து வரையச் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? “அங்கே பிள்ளை பிறந்தால் பாறையில் குழி குடைந்து தொப்புள்கொடியை வைப்பார்களாம். ஆயுசு கெட்டியாம்” என்றும் சொல்லிவைத்தேன். நம் பக்கத்தில் அதைத்தான் காயவைத்துத் தாயத்துக்குள் போட்டு இடுப்பு அரைஞாண் கயிற்றில் கட்டுகிறோம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. தன்ஷிகாவுக்கு வந்துவிட்டது.

தன்ஷிகாவையும் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போனோம். எங்கு பார்த்தாலும் முக்கோண மனிதர்கள்.

“ஊரே முக்கோணமா கீதே! தொலைஞ்சா புள்ளைக்கு இன்னா ஆவுமோ” என்று செல்வி கண் கலங்கினாள்.

தன்ஷிகா மட்டும் பதறவில்லை. “தலைகீழ் முக்கோணம்மா. அதுக்குக் கீழ சதுரக் கல்லு. அதுமேல வட்டம்” என்று விரல் நீட்டினாள்.

வட்டத்தின் நடுவில் ஒரு சின்னக் குழி. மண்ணைக் கிளறினால் இரண்டு தாயத்து!

“இன்னொண்ணு ரித்திகாவுது” என்றாள் தன்ஷிகா. ரித்திகா அவளுடைய பக்கத்து இருக்கைக்காரி. அவளையும் அவள் அம்மா கலாவையும் வரவழைத்தோம். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய வெள்ளித் தாயத்து. தாய்மார்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், குலுக்கினார்கள்.

“உங்களுக்காவது அடையாளம் தெரியுதா?” என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

“ரெண்டுமே உருளை, டீச்சர்!” என்றார்கள் ஒரே குரலில்.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாடம் நல்லா ஏறிக்கீது. கலாக்கா, எதையாவது ஒண்ண எடு. ரெண்டும் நம்ம புள்ளைங்களுதுதான்.”

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாடத்தைப் பிள்ளைகள் மறந்தாலும் மறப்பார்கள். நடுவில் வாய் தவறிச் சொன்ன கதையை மட்டும் அன்று சாயங்காலமே செய்துபார்த்துவிடுவார்கள்.