இடியாத அடுப்பு

துறைமுகத்துப் பக்கம் பீரங்கி முழங்கினால் எங்கள் அடுப்பு இடிந்து விழும். மரத்தூள் அடுப்பு. பழைய பெயின்ற் வாளியின் அடியில் ஒரு துளை. நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி அடைத்து, போத்தலை மெல்ல உருவினால் ஒரு குழி நிற்கும். கீழே கொளுத்தினால் நெருப்பு அந்தக் குழியால் ஏறி வரும். மண்ணெண்ணெய் கிடைக்காத, விறகுக்குக் காட்டுப் பக்கம் போக ஏலாத அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அதில்தான் சோறு வெந்தது. வெந்தது என்பதும் முழு உண்மை இல்லை. உலை கொதித்து வரும் நேரம் பார்த்து எங்கோ முழங்கும், நிலம் ஒருதரம் உலுக்கும், தூள் சரிந்து குழி மூடிவிடும். பிறகு புகை. புகையும் அரைவேக்காட்டுச் சோறும் நாங்கள் மூவரும்.

அக்கா, அத்தான், நான். சல்லி என்ற எங்கள் கடற்கரைக் கிராமத்திலிருந்து இடம்பெயர்ந்து பாலையூற்றில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் அக்காவின் சோற்றைத் தின்றுகொண்டிருந்த இருபது வயதுக்காரி. அத்தான் கடற்றொழில் செய்தவர். கடற்படைக்காரர் கடலில் எல்லை போட்டிருந்தார்கள். எல்லைக்கு உள்ளே மீன் இல்லை, அங்கால் போனால் சுடுவார்கள். அவருடைய கூட்டாளி ஒருவர் அங்கால் போய்த் திரும்பி வரவில்லை. அது தெரிந்தும் அத்தான், ஒரேயொரு தரம் போய் வருகிறேனே என்று கதையோடு கதையாகச் சொல்வார். அந்த வார்த்தை விழும்போதெல்லாம் அக்காவின் கை செய்கிற வேலையில் நின்றுவிடும். அவரைத் தரையில் வைத்திருப்பதுதான் அவளுடைய முழுநேர வேலை. சமையல், துவையல் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு மத்தியானம் மூன்றாம் முறையும் குழி சரிந்தபோது அக்கா எழுந்துபோய் வெறும் ரின்பால் தகரப் பேணிகள் மூன்றை எடுத்து வந்தாள். மூடியும் அடியும் வெட்டி, ஆணியால் சுற்றிவரத் துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் போத்தலின் இடத்தில் நிறுத்தினாள். தூளை அடைத்த பிறகு அதை உருவவில்லை. குழாய் உள்ளேயே நின்றது. அன்றைக்கு நன்றாகத்தான் எரிந்தது. இரண்டாம் நாள் பேணிகளின் ஈயப் பொருத்து உருகிப் பிரிந்தது. அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இப்படியா செய்வது என்று முணுமுணுத்தபடி தகரத்தின் விளிம்புகளை மடித்து, ஒன்றுக்குள் ஒன்று கொழுவி, கம்பியால் கட்டினார். பானை குழாயின் வாயை அடைக்காதபடி மேலே மூன்று குமிழும் வைத்தார். அதற்குப் பிறகு எத்தனை முழக்கம் கேட்டாலும் உள்ளே சுவாலை நிமிர்ந்து நின்றது, ஒரு சின்னக் கோபுரம் போல.

அயலில் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. "என்ர அடுப்பு" என்று அத்தான் ஊர் முழுக்கச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நீதானே முதலில் செய்தது என்று அக்காவிடம் கேட்டேன்.

"பேர் அவருக்கே இருக்கட்டும். ஆள் வீட்டிலை இருக்கட்டும்" என்றாள்.

அக்கரையில் கிண்ணியாவில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் ஆறு அடுப்புக் கேட்டு ஆள் அனுப்பினார். மூவரும் கொண்டுபோனோம். துறையில் பாதை ஏறக் காத்திருந்தோம். பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவை. சோதனைக்கு நின்ற சிப்பாய் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். துளை போட்ட குழாய், முறுக்கிய கம்பி. இரண்டடி பின்னால் போனான். அடுத்த நிமிடம் அத்தான் தலையில் கைவைத்து மணலில் குந்தியிருந்தார். கடலுக்குப் போகாமல் காப்பாற்றிய ஆளை அக்கா தரையிலேயே இழக்கப்போகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

சின்ன வயதில் துறைமுக வீதியில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிய எனக்குச் சிங்களம் தெரியும். இதைச் செய்தது யார் என்று சோதனைச் சாவடி அதிகாரி என்னிடம் கேட்டார். நான் கேள்வியைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை.

"நான்தான். இவளுக்கு ஒண்டும் தெரியாது" என்றார் அத்தான், மணலைப் பார்த்தபடி.

"பொய். நான் செஞ்சது. அவருக்கு ஆணியை நேரா அடிக்கவும் தெரியாது" என்றாள் அக்கா.

இரண்டையும் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். கொளுத்திக் காட்டட்டுமா என்று கேட்கச் சொன்னாள் அக்கா.

நானாவுக்குக் காட்டவென்று ஒரு பை மரத்தூள் கையில் இருந்தது. சிப்பாய்கள் தண்ணீர் நிரப்பிய தங்கள் கேத்திலைத் தந்துவிட்டு மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போனார்கள். சைக்கிள்களோடும் கூடைகளோடும் வரிசை முழுவதும் விலகி நின்று பார்த்தது. அவள் மட்டும் பக்கத்தில். நெருப்பு ஏறியதும் எழுந்து வாளியை ஓங்கி ஓர் உதை உதைத்தாள். மூட்டைக்குப் பின்னால் தலைகள் தாழ்ந்தன. சுவாலை அசைந்து, நிமிர்ந்தது. கேத்திலை மேலே வைத்தாள், தண்ணீர் கொதித்தது. ஒரு சிப்பாய் வந்து உள்ளே குனிந்து, தன் அம்மாவும் மரத்தூளில்தான் சமைக்கிறாள், தினமும் இடிந்து விழுமாம், என்றான். அத்தானை எழும்பச் சொன்னார்கள்.

பாதையில் அவர் மெதுவாகச் சொன்னார்: "இதைவிடக் கடலே மேல்."

அதற்குள் அக்காவைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். கரை சேர முன்னமே ஆறு அடுப்பும் விற்றுப்போய்விட்டன. எனக்குக் கொண்டுவந்ததை வழியில் வித்துப்போட்டீங்களே தங்கச்சி என்று நானா சிரித்துக்கொண்டே குறைப்பட்டார். இனி நானே கொண்டு வருவேன், அவர் வீட்டில் இருந்து தகரம் வெட்டட்டும், என்றாள் அக்கா. சொன்னபடி வாராவாரம் கேத்திலோடு போனாள். துறையில் கொளுத்திக் காட்டுவாள். சிப்பாய்களுக்குத் தேத்தண்ணி, வரிசைக்கு விளம்பரம்.

ஒரு விடியலில் அத்தான் வலையை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்றாள்.

"வெள்ளிக்கிழமைக்கு எத்தினை வேணும்?" என்று கேட்டார், நிமிராமல்.

"இருபது."

எட்டுப் பேர்தான் அடுப்புக்குச் சொல்லியிருந்தார்கள். பேர்களை எழுதியவள் நான். அத்தான் பெருமூச்சு விட்டு வலையைச் சுருட்டிவிட்டுத் தகரக் கத்தரியை எடுத்தார். விற்காத மிச்சம் பன்னிரண்டையும் நானும் அக்காவும் அத்தான் காணாமல் சாக்கால் மூடி என் கட்டிலுக்குக் கீழே அடுக்கினோம். மழைக்காலம் வருவதற்குள் கட்டிலின் கீழ் இடம் போதவில்லை.