ஒன்றும் குறிக்காத கோப்பு

போரின் கடைசி வருடங்களில் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு சிறிய கம்பனியில் வேலை செய்தேன். தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு அங்கே புரோகிராம் எழுதினோம். எழுதியவர்கள் இரண்டு பேர்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நானும், கண்டியிலேயே பிறந்து வளர்ந்த, என்னைவிட இளைய ஒரு தமிழரும். அலுவலகத்தில் அவர் என்னோடும் சிங்களத்தில்தான் பேசுவார்.

புதிய புரொசெசருக்கு மாறிய மாதம், கடுகண்ணாவைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கருவி திரும்பி வந்தது. வெப்பநிலையைக் கண்டபடி காட்டுகிறதாம். கடைசியாகக் கைவைத்தது யார் என்று மனேஜர் கேட்டார். கூட வேலை செய்த அந்த இளையவர் என்னைக் காட்டினார். பொய்யில்லை, கோப்புகளை ஒன்றாக இணைத்தது நான்தான். மறுநாளிலிருந்து வாசலில் செக்யூரிட்டி என் பையை மட்டும் திறந்து பார்த்தார்.

நான் அவரைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். வெப்பத்தை அளந்து தரும் பகுதியை அசெம்பிளி மொழியில் எழுதியவர் அவர். எந்த வகைப் புரொசெசருக்கு ஏற்றது, தசம எண்களை எங்கே வைக்கும் என்ற குறிப்புகள் ஒவ்வொரு கோப்பிலும் இருக்கும். அவற்றை ஒப்பிட்டுக் கோப்புகளை ஒரே புரோகிராமாகச் சேர்ப்பது லிங்கர் என்ற மென்பொருளின் வேலை. தசம எண்ணுக்குப் புரொசெசருக்குள் இருக்கும் தனி இடங்களை, தனி ரெஜிஸ்டர்களைப் பாவிப்பதாக என் கோப்புகள் சொல்லின. அவருடையதில் ஒன்றுமே குறிக்கப்படவில்லை. குறிப்பில்லாத கோப்பு எதனோடும் ஒத்துப்போகும் என்று லிங்கர் எடுத்துக்கொண்டு, எச்சரிக்காமல் இணைத்துவிட்டது. உண்மையில் அவருடைய கோப்பு எண்ணைச் சாதாரண ரெஜிஸ்டரில் வைத்தது. என்னுடையது வேறிடத்தில் தேடி, அங்கே கிடந்த குப்பையை வெப்பநிலையென்று காட்டியது.

வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மனேஜர் இல்லாத நேரம் பார்த்து, "ஏன் குறிப்பு எழுதேல்லை?" என்று தமிழிலேயே கேட்டேன்.

கதவைப் பார்த்துவிட்டு அவரும் தமிழில் சொன்னார். "அக்கா, அது பழைய போர்டுக்கு எழுதினது. குறிப்பு போடணும்னே எனக்குத் தெரியாதுங்க."

முழுதாக நம்பவில்லை. அவருடைய கோப்பு செய்வதை உள்ளபடி அதில் குறித்து, மறுபடி இணைத்துப் பார்த்தேன். இரண்டும் பொருந்தாது என்று லிங்கர் மறுத்துவிட்டது. அவர் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினார். வெப்பநிலை சரியாக வந்தது. பிழை தன்னுடையது என்று மனேஜரிடம் அவரே போய்ச் சொன்னார். பை சோதனை மட்டும் நிற்கவில்லை.

ஒரு பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றபோது மெதுவாகச் சொன்னார்: "நீங்க யார்கூட போன்ல பேசுறீங்கன்னு மனேஜர் என்கிட்ட விசாரிச்சாரு. தெரியாதுன்னுட்டேன்."

நன்றி சொன்னேன். எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார். கண்டி டவுனில் என்றேன். நான் இருந்தது டவுனுக்கு வெளியே, அம்பிட்டியவில்.