மகளின் காருக்கு ஒரு கன்வெர்ட்டர்

வடித்த ஆயிலில் விரலை நனைத்து, மூக்கருகே கொண்டுபோய், முகத்தைச் சுளிக்கிறார் கியர்பாக்ஸ்காரர். "கருகிப்போச்சு. பொத்தானை அமுக்கிட்டுத் தூங்கிட்டான் போல." காரின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார், இவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கையில் துணி இருந்தாலும் விரலைச் சட்டையில்தான் துடைப்பார். அதற்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளில்லை.

இவருடைய பட்டறைக்கு வருபவை பந்தயக் கார்கள். நேர்ச்சாலையில் இரண்டிரண்டாகப் பாய்பவை. அங்கே கிளம்புவதில் கோட்டைவிட்டால் அப்புறம் எவ்வளவு ஓடியும் புண்ணியமில்லை. இவர் பூட்டும் டிரான்ஸ்மிஷன் பிரேக், முதல் கியரையும் ரிவர்ஸ் கியரையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கியிருக்கும்வரை, இன்ஜின் என்ன அலறு அலறினாலும் கார் நகராது. விரலை எடுத்தால் பிடரியில் அறைந்த மாதிரி கிளம்பும்.

கன்வெர்ட்டர் என்றால் என்னவென்று கேட்டேன். இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டார். மற்றதும் சுற்றத் தொடங்கியது. "இது இன்ஜின், அது கியர்பாக்ஸ். நடுவுல இங்க காத்து, கன்வெர்ட்டர்ல ஆயில். அவ்வளவுதான் சார்." காரைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது இன்ஜின் எதுவரை வேகம் எடுக்கலாம் என்பது அந்தக் கன்வெர்ட்டரின் கையில் இருக்கிறது. சிறியது என்றால் இன்ஜின் நன்றாக ஏறி, கார் பாயும். பெரியது பாதியிலேயே அடக்கிவிடும். அது வீட்டுக் கார்களுக்கானது.

ஊரார் காரெல்லாம் பாய, இவருடைய மகளின் கார் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்குப் போவதுபோல் கிளம்பும். பாவம், அந்தப் பெண் தன் விரல்தான் மந்தம் என்று நம்பினாள். சாப்பாட்டு மேசையில்கூடக் கரண்டிக் காம்பை அமுக்கி விட்டுப் பழகுவாள். இந்தப் பந்தயத்திலும் தோற்றால் ஓட்டுவதையே விட்டுவிடப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

அதற்கு முந்தைய வாரம் அவளே கியர்பாக்ஸை இறக்கினாள். உள்ளே இருந்தது பெரிய கன்வெர்ட்டர். நான் அங்கேதான் இருந்தேன். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"வேற யார் காருக்காவது இதைப் போடுவீங்களாப்பா?"

"வேற யாரும் என் பொண்ணு இல்லையே."

"இவ்வளவு நாளா என் கைதான் சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. வந்த வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மகளுக்கென்று ஒரு சின்னக் கன்வெர்ட்டரைத் தன் கையாலேயே செய்து பூட்டினார்.

பந்தயங்களில் இவர் பாதைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். சத்தத்தை வைத்தே எல்லாம் தெரியுமாம். அன்று பாதையைப் பார்த்துத் திரும்பி நின்றார். தடுப்புக் கம்பியைப் பற்றியிருந்த கையில் கட்டைவிரல் அழுந்தி வெளுத்திருந்தது. மகளின் இன்ஜின் ஏறியது. இதுவரை அந்தக் காரிலிருந்து கேட்டிராத உயரத்துக்கு ஏறி நின்றது.

பச்சை விளக்கு எரிந்தது. அவள் விரலை எடுத்தாள். பக்கத்துக் கார் அசைவதற்குள் அவளுடைய கார் பாய்ந்துவிட்டது. எல்லோரும் கத்தினார்கள், நானும்தான். பாதையின் கோடியில் அவள் வென்று, காரை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கியும் விட்டாள். இவர் இன்னும் கம்பியிலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை.