மணப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன்

கடற்கரைக்குப் போகிறவன் ஐஸ் பெட்டியோடு போவது தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை போனதுதான் தப்பு. மதுரை மாட்டுத்தாவணியிலிருந்தே ஒரு பெரிய தெர்மகோல் பெட்டியைச் சணல் கயிறு போட்டுக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சீலா மீன் இரண்டு கிலோ வேண்டும் என்பது வீட்டு உத்தரவு. ‘உள்ளே கோழிக்குஞ்சா?’ என்று பஸ்ஸில் இரண்டு பேர் கேட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. மணப்பாட்டுக் கரையில் அந்தப் பெட்டியோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்து எங்கள் டிரைவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இன்னும் மறக்க முடியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். என் மகள் வளர்மதி தூத்துக்குடியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்கக் கிளம்பினேன். மதுரையிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம், நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக வருவதால் ஊருக்குள் நுழையும்போது அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வேலை என்ன என்று யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர்ல’ என்று சொல்லித்தான் இதுவரை தப்பித்து வந்தேன். நான் பத்தாவது, மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிறவன். அன்று சாயங்காலம் அவளே விளக்கினாள். மீன் வாங்கும் கம்பெனி ஒன்றுக்கு ஒவ்வொரு கரையிலிருந்தும் தினசரிக் கணக்கு வருகிறது. எந்தத் தேதி, எத்தனை கிலோ என்று. இவள் அதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். ஆனால் வருவதெல்லாம் வெறும் எழுத்தாகத்தான் வருகிறதாம்.

“120 கிலோன்னு இருந்தா, அது கம்ப்யூட்டருக்கு எண் இல்லப்பா, எழுத்து. கூட்டச் சொன்னா கூட்டாது. கிலோவைக் கழட்டிட்டு 120-ஐ எண்ணா மாத்தணும். தேதியையும் அதே மாதிரி தேதியா மாத்தணும்.”

“எனக்குப் பார்த்தவுடனே 120 தெரியுதே, அதுக்குத் தெரியாதா?”

“அதுக்கு நீங்க அப்பா இல்லையேப்பா.”

அவள் யார் துணையும் இல்லாமல் முழுதாகச் செய்த முதல் வேலை இது. திங்கள் காலை கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்தக் கரைக்கு எந்த நாள் ஐஸ் வண்டி அனுப்புவது என்று கம்பெனி முடிவு செய்யும். இது ஒழுங்காகப் போனால்தான் இவளுக்கு வேலை நிரந்தரம். சனி ராத்திரி சாப்பிடும் முன்பே திரையில் பச்சை டிக் வந்துவிட்டது. ஒரு பிழைகூட இல்லையாம். அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் மணப்பாடு போகலாம் என்றாள்.

நாள் முழுக்கக் காருக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய், டீசல் உட்பட. டிரைவர் சேவியருக்குச் சொந்த ஊர் பெரியதாழை, மணப்பாட்டுக்கும் தெற்கே. நாற்பது வயதிருக்கும், நல்ல பேச்சுக்காரர். உப்பளம் தாண்டி, திருச்செந்தூர் வழியாக அறுபது கிலோமீட்டர். காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள். மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் மணல் குன்றின் மேல் இருக்கிறது. வெயில் ஏறினால் மணல் காலை வறுத்துவிடும். மேலே நின்றால் கடல் நம்மைச் சுற்றிக்கொள்வதுபோல இருக்கும். பத்து நிமிடம் சும்மா நின்றோம். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வியர்த்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

கீழே இறங்கியதும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தேன். வள்ளமெல்லாம் வரிசையாக மணலில் ஏறிக் கிடந்தன. ஆளே இல்லை. ஒரு நாய் மட்டும் என் பெட்டியை மோந்து பார்த்தது.

“அண்ணாச்சி, பொட்டியத் தூக்கிட்டு எங்கன போறிய?” சேவியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இன்னைக்கு ஞாயித்துக்கிழமல்லா! எவன் கடலுக்குப் போவான்? எல்லாவனும் பூசைக்குப் போயிட்டு வீட்ல கறி திங்கான்!”

“கடல் பக்கத்துலேயே இருந்துகிட்டு கறியா?”

“ஆறு நாளும் மீனத் தின்னவனுக்கு ஏழாம் நாளு கறிதான் அண்ணாச்சி. மீனு தானா கரைக்கு வந்து கதவத் தட்டினாலும் இன்னைக்கு எடுக்க மாட்டான்.”

நானும் சிரித்தேன். வளர்மதி சிரிக்கவில்லை.

“அண்ணா, எப்பவுமேவா? பெரியதாழைலயும் அப்படித்தானா?”

“எங்க ஊருலயும் அப்படித்தான் தங்கச்சி. கேக்கியே!”

அவள் முகம் மாறிவிட்டது. விறுவிறுவென்று காருக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “அப்பா, போன வருஷம் மார்ச் ஒன்பது, பெரியதாழையில நானூறு கிலோ. அன்னைக்கு ஞாயித்துக்கிழமைப்பா.”

விஷயம் இதுதான். கரையில் 03/09 என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் வழக்கப்படி செப்டம்பர் மூன்று, புதன்கிழமை. கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்து, அதை மார்ச் ஒன்பது என்று எடுத்துக்கொண்டது. தேதி பன்னிரண்டுக்கு மேல் போனால் பதின்மூன்றாம் மாதம் கிடையாதே, அதனால் அதையெல்லாம் சரியாக எடுத்திருக்கிறது. பாதி சரி, பாதி தப்பு, மொத்தத்துக்கும் பச்சை டிக்.

“பிழைன்னு சொல்லலையே?” என்றேன்.

“நான்தான் நீயே பார்த்து மாத்திக்கோன்னு விட்டுட்டேன். தப்புன்னு கத்தினா பரவாயில்லப்பா. இது ஊகிச்சுப் போட்டுட்டு, சத்தம் காட்டாம உட்கார்ந்திருக்கு.” கண் கலங்கியிருந்தது. “நாளைக்கு இதைக் குடுத்திருந்தா ஞாயித்துக்கிழமை ஐஸ் வண்டி வந்து இந்தக் கரையில நின்னுருக்கும்.”

“ஐஸ் பெட்டியோட நான் நின்ன மாதிரி,” என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

குன்றுப் பக்கம் சிக்னல் சரியில்லை. சேவியர் காரை மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை நிழலுக்குக் கொண்டுவந்தார். முதலில் நாள், அடுத்து மாதம் என்று அவள் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த அச்சில் பொருந்தாத தேதி எதையும் மாற்றாமல் தனியாக எடுத்து வைக்கச் சொன்னாள். “தெரியலைன்னா காலியா விடணும்ப்பா. தெரிஞ்ச மாதிரி ஒண்ணைப் போடக் கூடாது. காலியா இருந்தா யாராவது கேப்பாங்க. தப்பா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க.”

நாங்கள் மூன்று டீயும் ஆறு வடையும் முடிப்பதற்குள் வேலை ஓடி முடிந்தது. மணப்பாடு, ஞாயிறு: பூஜ்யம். பெரியதாழை, ஞாயிறு: பூஜ்யம். தனியாக ஒதுங்கிய பதினோரு தேதிகளைத் திங்கள் காலை கரையிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்றாள். சேவியர் திரையை எட்டிப் பார்த்து, “இப்பந்தாம்லா எங்காளுவ பூசைக்கு வந்திருக்கானுவ!” என்றார்.

போக நினைக்கிறவர்களுக்கு: மீன் வேண்டுமென்றால் வாரநாளில் போங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். கோயிலுக்குள் போகும்போது பூசை நடந்தால் பின்னால் நின்றுகொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்கேயாவது தேதி எழுத நேர்ந்தால் மாதத்தைப் பெயராக எழுதிவிடுங்கள்; எங்கோ ஒரு பெண் கண் கலங்காமல் இருப்பாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என் பெட்டி நிறைய தூத்துக்குடி முந்திரி மக்ரூன் வாங்கி அடைத்தாள் மகள். ஐஸ் வைக்கிற இடத்தில் மக்ரூன் வைத்த முதல் மதுரைக்காரன் நானாகத்தான் இருக்க வேண்டும். பஸ் நகரும்போது ஜன்னலோடு கூடவே நடந்து வந்தாள்.

“மார்ச் பத்து லீவு சொல்லிட்டேன்ப்பா. உங்க பிறந்தநாளுக்கு நானே வந்து கேக் வெட்டுவேன்.”

“வாம்மா,” என்றேன்.

சின்ன வயதிலிருந்து அவள் ஒரு மார்ச் பத்தையும் விட்டதில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, ‘கண்மாய் உடைஞ்ச வருஷம் பொறந்தான்’ என்பதற்கு மேல் என் அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதையும், தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவராகவே ஒரு தேதியைப் போட்டார் என்பதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.