காலி வண்டியில் பார்த்த வேகம்

எங்கள் டர்போ காருக்கு இன்னும் வேகம் வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. இன்ஜினின் மென்பொருளையே மாற்றும் ரீமேப்பா, செருகிக் கழற்றும் ட்யூனிங் பெட்டியா என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டார். சர்வீஸுக்கு விடும்போது கழற்றிவிடலாம் என்பதால் பெட்டி ஜெயித்தது. ஞாயிறு காலை இங்கே புனேயில் வாகட் பக்கம் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, சீட்டியடித்தபடி வீட்டுக்குள் வந்தார்.

பிறகு மும்பையில் ஒரு கல்யாணம். நான், மகள், மூட்டை முடிச்சு எல்லாவற்றோடும் திரும்பும்போது, கண்டாலா மலைப்பாதை ஏற்றத்தில் இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவே இல்லை. பின்னால் லாரியின் ஹாரன் அலறியது.

"அப்பா, காடி நின்னுடுச்சா?" என்று இந்தி கலந்து கேட்டு மகள் அழுதாள்.

ஊர்ந்து ஓரம் கட்டி, பெட்டியைக் கழற்றினார். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் வண்டி சரியாகிவிட்டது. பெட்டியைப் பின் சீட்டில் வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒத்தையா ஓட்டிப் பாத்தேன் சுமதி. உங்கள ஏத்திப் பாக்கணும்னு தோணலையே."

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "மெதுவா போலாம், விடுங்க" என்றேன்.

ஆசையை அவர் விடவில்லை. விடச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் இப்போது எந்த ட்யூனிங்கைச் சோதித்தாலும் எங்களையும் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறார். போன வாரம், "பூரா ஃபேமிலியா?" என்று சிரித்தார் மெக்கானிக்.

"வண்டியே இவங்களுக்குத்தானே" என்று, இந்தியில் பதில் சொல்ல மறந்து, தமிழிலேயே சொன்னார் என் கணவர்.

- சுமதி, புனே