போலந்துத் தாத்தாவுக்கு ஒரு செவ்வந்தி மாலை

எங்கள் அடுக்குமாடிப் புளொக்கில் கீழ் மாடியில் இருந்தவருக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. நோர்வேக்காரருக்கே அது சரியாக வரவில்லை என்பதால் நாங்களும் வெட்கப்படாமல் போலந்துத் தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டோம். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, ஒஸ்லோவில் புருசெத். எனக்கு ஒன்பது வயது. அவருக்கு எண்பத்தைந்து முடியப்போகிறது.

அந்த வயதிலும் வாசல் பனியைக் காவலாளி வருவதற்கு முன்பே தள்ளி முடித்துவிடுவார். பிள்ளைவண்டியோடு படியில் திண்டாடும் தாய்மாரைக் கண்டால் ஒரு பக்கம் பிடித்துத் தூக்குவார். இலையுதிர் காலத்தில் எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்து முற்றம் கூட்டும் டுக்னாட் நாளில், பழைய கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு இறங்குவார். நாங்கள் இலைவாரியைத் தோளில் வைத்து வரிசையில் நிற்க வேண்டும். போலந்து மொழியில் அவர் போடும் கட்டளை ஒன்றும் புரியாவிட்டாலும் மிடுக்காக நடப்போம். இலைக் குவியலைச் சுற்றிப் பார்த்து அவர் சல்யூட் அடித்த பிறகுதான் அதில் குதிக்க அனுமதி.

இருபது வயதில், வடக்கே நார்விக் மலைகளில், நோர்வேக்காகச் சண்டை பிடித்தவர் அவர். போர் முடிந்தபின் தன் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் இங்கே வேலை தேடி வந்துவிட்டாராம். "அவரும் எங்களை மாதிரித்தான், ஊருக்குப் போக ஏலாமல் நிக்கிற மனுசன்" என்பார் அப்பா. ஊருக்குப் போக முடியாதவர்களை எல்லாம் புருசெத்துக்குத்தான் அனுப்பிவைப்பார்கள் போலிருக்கிறது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

அம்மாவுக்கு அவர்மேல் தனிப் பக்தி. நாங்கள் குடிவந்த புதிதில் அம்மா கருவாடு பொரிக்கப்போய், மணம் பற்றிய முறைப்பாடு புளொக் கூட்டம் வரை போய்விட்டது. பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அப்போது போலந்துத் தாத்தா எழும்பி, முதலில் நோர்வேக்காரர் நத்தார்ப் பண்டிகைக்கு ஊறவைத்துத் தின்னும் நாறல் மீனைப் பற்றிப் பேசுவோம், இந்த அம்மாவின் மீனைப் பிறகு பார்ப்போம் என்றாராம். முறைப்பாடு சொன்னவரே சிரித்துவிட்டார். மறுநாள் அம்மா ஒரு தட்டில் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொடுத்துவிட்டார். கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார் மனிதர். பதிலுக்கு அவர் தந்த புளித்த முட்டைக்கோவாவை எங்கள் வீட்டில் யாராலும் விழுங்க முடியவில்லை. அப்பா மட்டும் கடமை தவறாமல் சாப்பிட்டார்.

அவருடைய பிறந்தநாளை நிலவறைப் பொது அறையில் கொண்டாடுவது என்று புளொக்கில் முடிவாயிற்று. ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்குவோம் என்றார் அப்பா. அம்மா கேட்கவில்லை. "பெரிய மனுசருக்கு ஒரு மாலை போடாமல் என்ன பிறந்தநாள்?" என்றார். ஒஸ்லோக் கோயிலில் மாலை கட்டுவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வெள்ளைக்காரர் முன்னால் இதுவரை ஒரு மாலை கட்டிக் காட்டியதில்லை. கடைகடையாக ஏறி வெள்ளைச் செவ்வந்தியாகப் பார்த்து வாங்கிவந்தார். சனிக்கிழமை காலை முழுக்க நான் காம்பு கிள்ள, அவர் கட்டினார். ஒரு பூ வாடியிருந்தாலும் எடுத்து எறிந்தார். "வடிவாய் வராட்டி எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்று நாலு தரமாவது சொல்லியிருப்பார். கடைசியில் சரிகை நூல் சுற்றி முடித்தபோது மாலை என் இடுப்பளவு தடிப்பில் இருந்தது.

பொது அறை நிரம்பியிருந்தது. கேக்கில் குட்டிக் கொடிகள். பேர்கனிலிருந்து அவருடைய மகள் வந்திருந்தார். தேவாலயத்திலிருந்து நாலைந்து போலந்துக் கிழவர்களும் கிழவிகளும் வந்திருந்தார்கள். என்னைக் கதிரையில் ஏற்றிவிட்டார்கள். நான் மாலையைத் தாத்தாவின் கழுத்தில் போட்டேன். நோர்வேக்காரர் கைதட்டினார்கள். போலந்துக்காரர் தட்டவில்லை. ஒரு கிழவி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கைதட்டலும் மெல்ல மெல்ல அடங்கிப்போயிற்று.

தாத்தாவின் மகள் என் அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அப்பா அம்மாவிடம் குனிந்தார்.

"அவையின்ரை நாட்டிலை இந்தப் பூவைக் கல்லறைக்கு மட்டும்தான் கொண்டுபோறவையாம்."

அம்மாவின் முகம் அப்போது போன போக்கை நான் அதற்குமுன் கண்டதில்லை. கருவாட்டுக் கூட்டத்தில்கூட அப்படி இருந்திருக்காது. "ஐயோ, கழட்டு பிள்ளை, கழட்டு!" என்று பாய்ந்து வந்தார். நானும் கையை நீட்டினேன். தாத்தா இரண்டு கைகளாலும் மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எங்களோடு அவர் இழுபறிப்பட்டதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பிறகு எல்லோரையும் பார்த்து நோர்வே மொழியில் பேசினார். அம்மாவுக்காக அப்பா தமிழில் சொன்னார்: "என்ரை கூட்டாளியள் எல்லாருக்கும் இந்தப் பூ கிடைச்சது. ஒருத்தனாலையும் மணந்து பாக்க ஏலேல்லை. எனக்கு மட்டும்தான் குடுத்துவைச்சிருக்கு எண்டுறார்."

மூக்கைப் பூவுக்குள் புதைத்துப் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் ஓர் இதழ் ஒட்டியிருந்தது. சிலுவை போட்ட கிழவிதான் முதலில் சிரித்தார். மகள் சிரித்தபடியே அழுதார். யாரோ பாட்டுப் போட, தாத்தா மாலையோடேயே புளொக் தலைவியைச் சுற்றிச் சுற்றி ஆட்டுவித்தார். கேக்கிலும் கோப்பியிலும் செவ்வந்தி இதழ்கள் விழுந்தன. அம்மா மூலையில் நின்று மன்னிப்புக் கேட்கும் நோர்வே வசனங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் புறப்படும் நேரம் தாத்தா அம்மாவிடம் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், இதேமாதிரி இன்னொரு மாலை எனக்குக் கட்டித் தருவீர்களா என்று கேட்டார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு "ஓம்" என்று தமிழிலேயே சொன்னார்.

எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. கல்லறை, அது இது என்று பயமுறுத்தினாலும் எங்கள் மாலை பிடித்துத்தானே அடுத்த பிறந்தநாளுக்கும் கேட்கிறார். நான் இடையில் புகுந்து, அடுத்ததை மஞ்சளில் கட்டுவோம், வெள்ளையைவிட அதுதான் வடிவு, எப்போது வேண்டும் என்று கேட்டேன். தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். மஞ்சள் நல்லதுதான், ஆனால் அவசரமில்லை என்றார். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

நான் என்ன பிழை சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அடுத்த பிறந்தநாள் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. இரண்டுக்கும் தாத்தா மாலை கேட்கவில்லை, மறந்துவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. மூன்றாம் குளிர்காலத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது குசினி மேசை நிறைய மஞ்சள் செவ்வந்தி கிடந்தது. அம்மா சரிகை நூலை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து காம்பு கிள்ளத் தொடங்கினேன்.